மாமனார் மேல் சொட்டிய செங்காவி

பெண் எடுத்த வீட்டுக்குப் போனால் சும்மா உட்கார்ந்து சாப்பிடத் தெரிய வேண்டும். எனக்கு அது வரவில்லை. வந்திருந்தால், உலக யுத்தத்துக்கு முந்தின ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் என் மாமனாரின் 'கொலை' நடந்திருக்காது.

கல்யாணமான பின் முதல் தடவையாகப் போயிருந்தேன். மாமனார் என்னிடம் பேசவே மாட்டார். பார்த்தால் ஒரு 'ம்'. (மாட்டைப் பார்த்தாலும் அதே 'ம்'தான்.) அவர் மனதில் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டுமே! மச்சில் பழைய தேக்குப் பலகைத் தரை ஒன்று கறுத்துப்போய், சிராய் கிளம்பிக் கிடந்தது.

"மாமா, இதைப் பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்கித் தாரேன்."

"ம்."

அனுமதி கிடைத்துவிட்டது!

"ஆசாரியக் கூப்பிடலாம்லா? ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள் என் மனைவி பகவதி.

"கொழும்புல கப்பல் தளத்துக்கே பெயிண்ட் அடிக்கதப் பாத்தவன்ட்டி நான்." (பார்த்ததோடு சரி.)

தரையைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். பலகை இடுக்குகளில் தலைமுறைகளாக இறுகிக் கிடந்த அழுக்கைக் கத்தியால் நோண்டி எடுத்தேன். அந்த அழுக்குதான் இடுக்கை அடைத்திருந்தது என்பதோ, எடுத்தால் மக்கு வைத்து அடைக்க வேண்டும் என்பதோ கப்பலைப் பார்த்தவனுக்குத் தெரியவில்லை.

பெயிண்ட் செங்காவி நிறம். கெட்டியாக இருந்ததால் டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றினேன், ரசம்போல ஆனது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலையைத் தொடங்கியதும் கால் தட்டி டப்பா கவிழ்ந்தது. வீணாக்கலாமா? பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பூசினேன். பெயிண்ட் மளமளவென்று வற்றியது. மரம் என்னமாய்க் குடிக்கிறது என்று பூரித்துப் போனேன்.

அப்போது கீழே மாமியார் அலறினார்.

"ஐயோ! அவியள வெட்டிப் போட்டுட்டானுவளே!"

கத்தியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். கட்டிலில் மாமனார் மல்லாந்து கிடந்தார். வழுக்கைத் தலை, நெஞ்சு, வெள்ளை வேட்டி எல்லாம் சிவப்பு. சாப்பிட்டுத் தூங்கினால் இடி விழுந்தாலும் அசையாத மனிதர் அவர். எனக்கு அது எப்படித் தெரியும்? (சத்தியமாகச் சொல்கிறேன், பெயிண்ட் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போது எனக்கு ஞாபகமில்லை.)

"யாருலே அது? எங்கலே ஓடுத?" என்று கத்தியபடி வாசலுக்குப் பாய்ந்தேன்.

அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உறைந்து நின்றார். கையில் கத்தி, முழங்கை வரை சிவப்பு.

"மாப்பிள்ளே... கத்தியக் கீழ போட்டுருங்க. எதுனாலும் பேசித் தீத்துக்கிடலாம்," என்று கும்பிட்டார்.

என் கையை நானே பார்த்தேன். உயிர் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது.

அதற்குள் மாமனாரின் மூக்குக்குள் ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும். பலமாகத் தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிணம் எழுந்ததைக் கண்ட மாமியார் மயங்கிச் சரிந்தார். பகவதி ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டு, மேலே பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அந்தக் கத்தியே தேவலை.

மாமனார் தலையைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் முழு வாக்கியம் பேசினார்.

"மாப்பிள்ளை, இம்புட்டுத்தானா, இன்னொரு கோட்டு இருக்கா?"

அதன்பின் நான் மச்சுப்படியில் கால் வைத்தாலே போதும், அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலில் படுப்பார். அவர் காலமாகி வெகுநாளாயிற்று. இப்போதும் வீட்டில் நான் ஒரு சுத்தியலைத் தொட்டால், என் பேரப்பிள்ளைகள் சத்தம் காட்டாமல் போய் ஆளுக்கொரு குடையோடு வந்து நிற்கிறார்கள்.