சுழல் நாற்காலி கம்பெனி

கம்பெனி தொடங்குகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பேன்: சுழல் நாற்காலி.

சித்தூரில் அப்போது மாலையானால் கரண்ட் தள்ளாடும். டி.வி., ஃப்ரிட்ஜ் வாங்கியவர்களெல்லாம் எப்போது புகையுமோ என்று பயந்து கிடந்தார்கள். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்து விற்றால் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஆலையில் பார்த்த எலக்ட்ரீஷியன் வேலையை விட்டேன். (நிரந்தர வேலை. அதன் அருமை என்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது.) கூட்டாளி, என் சித்தப்பா மகன் தேவதாஸ்.

சேதி புத்தூருக்குப் போனதும், எனக்குப் பேசி வைத்திருந்த கிரேஸின் அப்பா நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, ஒரு ஆர்டராவது கீதுன்னு காட்டு. அப்புறம் சர்ச்சுல கல்யாண அறிவிப்பு குடுக்கலாம்." கிரேஸ் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே திருப்பதிக்கு ஓடினேன். புதிதாக லாட்ஜ் கட்டி, ரூமுக்கு ரூம் டி.வி. வைத்திருந்த ஒரு முதலாளியைப் பிடித்தேன். பள்ளி, காலேஜ் எல்லாம் வேலூர் ஹாஸ்டலில் படித்தவன் நான். ஆனாலும் தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. அவர் எல்லாவற்றையும் கேட்டார், காபி வரவழைத்துக் கொடுத்தார், சிரித்த முகத்தோடு சொன்னார்: "இப்புடு மாக்கு அவசரம் லேது பாபு."

அடடா, மனுஷன்னா இவரல்லவா! வீட்டுக்கு வந்து கத்தினேன்: "ஆர்டர் கெடச்சிடுச்சுடா தேவா! இப்ப அவசரமில்லையாம்!"

"அப்ப மொதல்ல ஆபீஸப் பாப்போம்ண்ணா" என்றான்.

பார்த்தோம். மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப். மெட்ராஸிலிருந்து சுழல் நாற்காலி. பியூனைக் கூப்பிட மேஜை மணி. (பியூன் கிடையாது. அடித்தால் தேவதாஸ் வருவான்.) யார் மேனேஜிங் டைரக்டர் என்று சண்டை போட்டுக் கொஞ்ச நாள் பேசாமலும் இருந்தோம். ஸ்டெபிலைசரா? அதற்குச் செம்புக் கம்பியே இன்னும் வாங்கவில்லை. அதான் அவசரமில்லையே!

திறப்பு விழாவுக்கு லாட்ஜ் முதலாளிதான் சிறப்பு விருந்தினர். பாவம், கூப்பிட்ட மரியாதைக்கு வந்திருந்தார். பாஸ்டர் ஜெபம் செய்தார், கிரேஸ் பாட்டுப் பாடினாள். அவள் அப்பா எழுந்து முதலாளியிடம் நல்ல தெலுங்கில், எத்தனை ஸ்டெபிலைசருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

முதலாளி விழித்தார். "ஆர்டரா? அவசரம் லேதனி அப்புடே செப்பானு கதா!"

"பாத்தீங்களா மாமா, அவசரமில்லன்னு அவரே சொல்றாரு!" என்று நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"அடப்பாவி! தெலுங்குல அவசரம்னா தேவைடா! உன் பொட்டி தேவையில்லன்னு சொல்லிக்கினு கீறாரு மனுஷன்!"

கூட்டமே சிரித்தது. வேலையும் போச்சு, கிரேஸும் போச்சு என்று நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். "எழுந்திரும்மா, போலாம்" என்றார் மாமா.

கிரேஸ் எழவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இரு நைனா. இவரு யாரையும் ஏமாத்தல. பாஷ தெரில, அவ்ளோதான். நான் கத்துக் குடுத்துக்கறேன்."

அப்போதே அவள் காலில் விழுந்திருப்பேன், பாஸ்டர் இருந்தார்.

கம்பெனி அந்த மாதமே படுத்துவிட்டது. வேறொரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கல்யாணமும் நடந்தது. தெலுங்குதான் இன்னும் முழுசாக வந்தபாடில்லை. இப்போதும் வாசலில் யாராவது தெலுங்கில் குரல் கொடுத்தால், நான் எழுந்து போவதற்குள் என் மகள் கத்துகிறாள்:

"அம்மா, சீக்கிரம் வா! நைனா ஆர்டர் எடுத்துடப் போறாரு!"