உடம்பில் ஒட்ட வேண்டும்

மருந்துக் கடையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வைட்டமின் டப்பாவை முகத்துக்கு நேராகப் பிடித்து, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதை வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தலைவலி மாத்திரை. வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓட வேண்டும். ஆசாமி நகரமாட்டார். படித்து முடித்ததும் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். எதற்குக் குலுக்குகிறார்? அது அவருக்கே தெரியாது. கடைசியில் தலையை இடம் வலமாக ஆட்டி, "இது உடம்புல ஒட்டாதுங்க" என்று கடைக்காரரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு படியிறங்கிப் போவார்.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஒட்டுப் பரிசோதகர்கள்.' தனி இனம் ஐயா இது! நீங்களும் நானும் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம். இவர்களோ மாத்திரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலை முடிந்தால் அல்லவா விழுங்குகிற வேலை!

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டிக்கொண்டவரே இந்த இனத்தின் தலைவர்தான். அத்தானுக்கு ஒரு பம்பு தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. சரியாக வராத பாகத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரங்கட்டுவார். சந்தேகமான பாகத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி 'நிறுத்திவை' என்று எழுதித் தனி அலமாரியில் அடைப்பார். பச்சைச் சீட்டு அவர் கையால் வாங்குவதற்குள் அந்தப் பம்புக்கு உயிர் போய்விடும் என்று தொழிற்சாலையில் பேச்சு. அங்கே அப்படி இருப்பதில் தப்பில்லை. ஆனால் மனிதர் மஞ்சள் சீட்டுக் கட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போனால் முதலில் ஃபிரிஜ் கதவில் ஒட்டிய கால அட்டவணை கண்ணில் படும். இன்ன வைட்டமின் எண்ணெய்ச் சத்தோடு சேர்ந்தால்தான் கரையும், ஆகவே மதியச் சாப்பாட்டோடு. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும், ஆகவே நடுவில் இரண்டு மணி நேரம். சும்மா சொல்லக்கூடாது, அட்டவணையில் இருப்பதெல்லாம் நியாயமான விஷயம்தான். ஆனால் ஒரு நாள் பிற்பகல் போய் உட்கார்ந்த என் முன்னால் அக்கா பால் டம்ளரை வைத்தாள். அத்தான் அதை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, இன்னிக்கு ஏதாச்சும் மாத்திரை போட்டியா?"

"இல்ல அத்தான்."

"கீரை சாப்ட்டியா?"

"மத்தியானம் சாப்ட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

மணியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "இன்னும் இருபது நிமிஷம் பொறு" என்றார். இருபது நிமிஷம் கழித்து ஆறிப்போன பாலைக் குடித்தேன். என் தலையெழுத்து.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி ஒன்று நடந்தது. அக்கா கணக்கு டீச்சர். அவளுடைய வகுப்பு மூன்றாவது மாடியில். ஒரு நாள் காலை நோட்டுக் கட்டோடு படியேறியவள் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம், மூச்சு வாங்கியதாம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கு. இப்படியே விட்டா இதயத்துக்குக் கஷ்டம். தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, மூணு மாசம். அப்புறம் திரும்பப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார். சாதாரண மாத்திரை. எந்தக் கடையிலும் கிடைப்பது.

சாதாரணம்! அந்த ஒரு வார்த்தை போதாதா அத்தானுக்கு?

வாங்கி வந்த மாத்திரை அட்டையைத் திருப்பினார், படித்தார், உதட்டைப் பிதுக்கினார். மஞ்சள் சீட்டு ஒட்டி, 'நிறுத்திவை' என்று எழுதி, அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் சமையலறையில் ஆராய்ச்சிக்கூடம் திறந்தாயிற்று. ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகர், அதற்குள் ஒரு மாத்திரை, பக்கத்தில் கடிகாரம். அரை மணி நேரத்தில் கரைந்தால் மாத்திரை தேறியது. கரையாவிட்டால் அது வயிற்றிலும் கரையாமல் வந்த வழியே போய்விடும் என்பது அவர் எங்கேயோ படித்த சித்தாந்தம். முதல் மாத்திரை நாற்பது நிமிஷம் ஆகியும் முழுசாகக் கரையவில்லை. வினிகர் பழசோ என்று புது வினிகரில் இரண்டாவது. சூடு போதவில்லையோ என்று வெதுவெதுப்பான வினிகரில் மூன்றாவது. வயிறு என்றால் குலுங்குமே என்று, கையால் கலக்கிக்கொண்டே நான்காவது. இப்படியாக, அக்காவின் ரத்தத்தில் சேர வேண்டிய பத்து மாத்திரையில் ஏழு வினிகரில் சேர்ந்தன. மிச்சம் மூன்றையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு தேடல் தொடங்கியது. இந்த டப்பாவில் கலர் சேர்த்திருக்கிறான், வேண்டாம். அந்த டப்பாவில் எந்த வகை இரும்பு என்று போடவில்லை, வேண்டவே வேண்டாம். இன்னொன்று எல்லா விதத்திலும் உத்தமம், ஆனால் மூடியின் முத்திரை லேசாகப் பிரிந்திருந்தது, திருப்பி அனுப்பு. ஒரு மாதம் ஓடிவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய்விட்டே சொல்கிறேன், என் அக்காவைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். போனை எடுத்துக் கத்தினேன்.

"அத்தான், டாக்டர் கொடுத்ததை முதல்ல கொடுங்க! அவ முகம் வெளிறிக் கிடக்கு, பார்க்க முடியல!"

"நீ என்னப்பா, எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? உன் அக்காவுக்குக் கண்டதையும் கொடுக்கச் சொல்றியா? அவளுக்கு நல்லதா கொடுக்கணும்னுதானே இந்தப் பாடு படறேன்!"

அக்கறை நிஜமானது. அதுதான் இந்த இனத்தின் கஷ்டமே. பொய்யான அக்கறையாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். மனிதர் சாப்பிடாமல் தூங்காமல் டப்பா படித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? போனை வைத்துவிட்டேன். அக்காவைக் கேட்டால், "விடுடா, அவர் ஆசைக்குத் தேடட்டும்" என்று அவள் பாட்டுக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மாவிடம் மூவருமாகப் போனோம். அத்தான் கையில் தடிமனான ஃபைல். டாக்டரம்மா புதுப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பன்னெண்டு! ரொம்ப நல்லா ஏறியிருக்கே. மாத்திரை ஒத்துக்கிச்சா?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் மாத்திரை முடிவாகலைங்க டாக்டர். கடைசிச் சுற்றுல மூணு நிக்குது. அதுக்கே இவ்வளவு ஏறியிருக்குன்னா..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க? மூணு மாசமா ஒண்ணுமே சாப்பிடலையா?"

"நான் சாப்ட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா. "இவர் முதல் அட்டைக்குச் சீட்டு ஒட்டின அன்னிக்கே வேற வாங்கிட்டேன். ஸ்கூல்ல என் டிராயர்ல இருக்கு. தினம் ஒண்ணு, நீங்க எழுதினதேதான்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மாதம் ஏமாற்றிய மனைவியை ஒரு கணவன் என்ன கேட்பான்? ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். கோபித்துக்கொள்வான். அல்லது, பிழைத்தாளே மகராசி என்று கையைப் பிடித்துக்கொள்வான். அத்தான் கேட்டது இது:

"அந்த மாத்திரைய வினிகர்ல போட்டுப் பாத்தியா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா, பரிசோதனைச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தபடி. "வயித்துல போட்டுப் பாத்தேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடக்கவில்லை. அத்தான் வழியெல்லாம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மெதுவாக, "அந்த லேப் நம்பகமான லேப்தானா?" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு நிமிஷம். இவ்வளவு நேரம் கதை சொன்ன நான், அக்கா சாப்பிட்ட அந்த மாத்திரையின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கவனிக்கவே இல்லையென்றால் நல்லது, போய் வாருங்கள். 'எட்டிலிருந்து பன்னிரண்டா? அது என்ன மாத்திரை?' என்று டாக்டரம்மா சீட்டைப் படித்த இடத்திலிருந்தே உங்களுக்கு அரித்துக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் என் அத்தானின் முகவரியை வேண்டுமானால் தருகிறேன். மாத்திரையின் பெயரைத் தரமாட்டேன்.