காருக்கான மருந்தைக் கிளட்ச்சுக்குக் கொடுத்த விவரம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மழை அளவோடு பெய்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருக்கவும் வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். விஷயம் உங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றியது.

ஆறு மாத வேலைக்காக நீங்கள் புறப்பட்ட அன்று சாவியை என் கையில் வைத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துங்க மாமா, வேற எதுவும் செய்ய வேணாம்" என்றீர்கள். மறைந்த சம்பந்தி இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய வண்டி. ஒரு நாளும் என்னைத் தொட விட்டதில்லை. இந்த வீட்டில் என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை. நான் அணைத்த அடுப்பை உங்கள் அத்தை வந்து இன்னொரு தடவை அணைப்பாள். அப்படிப்பட்டவனிடம் நீங்கள் கொடுத்த சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறேன்.

வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் முப்பத்துநான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். புட்டியில் இருப்பது நிறம் மாறியிருந்தால் கை சும்மா இருக்காது. வண்டியைத் துடைக்கும்போது இடதுபக்கத்துப் பெரிய மூடிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் பார்த்தேன், கன்னங்கரேல் என்று இருந்தது. கையேட்டை எடுத்துப் புரட்டினால், என்ஜினுக்கு ஒரு எண்ணெய், கியர் பெட்டிக்கு ஒரு எண்ணெய், அந்த மூடிக்குள் ஓடும் சங்கிலிக்கும் கிளட்ச்சுக்கும் பிரைமரி ஆயில் என்று இன்னொரு எண்ணெய், ஆக ஒரே வண்டிக்கு மூன்று மருந்து. அது எந்த எண்ணெய் என்று எழுதியிருந்த இடத்தில்தான் சம்பந்தி டம்ளரை வைத்திருக்கிறார், வட்டமாக ஒரு கறை தவிர வேறொன்றும் தெரியவில்லை. நமக்குத் தெரியாததா என்று கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் நின்று எல்லா டப்பாவின் முன்பக்கத்தையும் படித்தேன். "என்ன வண்டிக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒரு டப்பாவில் கார் படம் போட்டு, 'உரசலை அறவே குறைக்கும்' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. உரசல் குறைந்தால் நல்லதுதானே? கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தேடுவதே அதைத்தான். வாங்கி வந்து பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, உங்கள் அத்தையிடம், "இனிமே வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும் பாரு" என்றேன்.

அந்த வாக்கு பலித்தது. மறுநாள் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், என்ஜின் ஊரையே கூட்டுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. சைக்கிளில் வந்த தபால்காரர் மணியடித்து எங்களைத் தாண்டிப் போனார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணும் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா அங்கிள்?" என்றாள். "ஏங்க, இந்தச் சத்தம் நம்ம வண்டியிலேர்ந்துதானே வருது? அப்புறம் நாம ஏன் போகல?" என்று கேட்ட உங்கள் அத்தை, இறங்கி நடந்து எனக்கு முன்னால் மேட்டின் உச்சிக்குப் போய்க் குடையோடு காத்திருந்தாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரம்மா மூடியைத் திறந்து, எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து, "யாருங்க இதுல கார் எண்ணெயை ஊத்தினது?" என்றார். மாப்பிள்ளை, நான் வெட்கப்படும் இடம் இதுதான். "எங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, இந்த கிளட்ச் எண்ணெயிலயே ஊறிக்கிட்டிருக்கும். தகடும் தகடும் ஒண்ணை ஒண்ணு கெட்டியா பிடிச்சாத்தான் சக்கரம் சுத்தும். இந்த எண்ணெயில வழுக்க வைக்கிற சரக்கு கலந்திருக்கு. அப்புறம் தகடு எங்க பிடிக்கும்? டப்பாவோட முன்பக்கத்தைப் பாத்து மயங்கக் கூடாது, பின்பக்கத்தைப் படிக்கணும். எண்ணெயில நனையற கிளட்ச்சுக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கணும். உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்றார். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைத் தொடாதீர்கள் என்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் முப்பத்துநான்கு வருஷம் அதட்டியவன், காருக்கான மருந்தைக் கிளட்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வண்டியை ஒரு நாள் அங்கேயே விடச் சொல்லி, தகடுகளைக் கழற்றிக் கழுவி, துடைத்து மாட்டி, சரியான எண்ணெயை அளவு பார்த்து ஊற்றிக் கொடுத்தார். இப்போது அதே மேட்டில் உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஜம்மென்று போகிறது.

தப்பு முழுக்க என்னுடையது. உங்கள் பேரில் பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். என்னைத் திட்டுங்கள், என் மகளிடமும் சொல்லித் திட்ட வையுங்கள். சாவியை மட்டும் அத்தையிடம் கொடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

உரச வேண்டிய இடத்தில் உரசியும் மற்ற இடங்களில் வழுக்கியும் நீங்கள் இருவரும் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை இதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "அந்தச் சரியான எண்ணெய் பட்டறையில இருந்ததுன்னா நெனச்சீங்க?" என்று சிரித்தாள். அவளே புடவை அலமாரியிலிருந்து எடுத்துப் போய்க் கொடுத்ததாம். காலி டப்பாவைக் காட்டினாள், மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அத்தை, மாமா பத்து நாளுக்குள் பிரைமரியில் கை வைத்துவிடுவார். திட்டாதீர்கள், இதை ஊற்றச் சொல்லுங்கள். பட்டறையிலும் சொல்லி வைத்திருக்கிறேன். சாவியை மட்டும் அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்." கடைசி வரியை நாலு தடவை படித்தேன், மாப்பிள்ளை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் முதல் வரியை என்னால் மன்னிக்க முடியாது. பத்து நாளாம்! முழுசாகப் பதினாறு நாள் தாக்குப்பிடித்தேன்.