ரப்பர் அங்கிளும் ஒரு தட்டு அப்பளமும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் தெரு ரப்பர் அங்கிள், பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக்காரரிடமிருந்து என்னைவிட வயதான டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கித் தன் காரில் கோத்து இழுத்துக்கொண்டு வந்தார்.

2. அன்று மாலையே மழை பெய்தது.

3. வெளியில் பெய்ததைவிட டிரெய்லருக்குள் அதிகமாகப் பெய்தது.

4. அவர் மனைவி சரசு ஆன்ட்டி வாசலில் நின்று அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

5. அதற்குப் பிறகு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எந்தக் கதவுக்கும் நிம்மதி இல்லை.

நியூ ஜெர்சியில் பலவகைப் பைத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். பங்குச் சந்தைப் பைத்தியம், புல்வெளிப் பைத்தியம், பிள்ளைகளை ஸ்பெல்லிங் போட்டிக்கு அனுப்பும் பைத்தியம். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் ரப்பருக்காகப் பைத்தியம் பிடித்தவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியிலேயே ரப்பர் அங்கிள் ஒருவர்தான். தபால் பெட்டியில் அவருடைய உண்மையான பெயர் இருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களுக்கு வாழ்நாள் முழுவதும் புரோகிராம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். டிரெய்லர் என்றால் சக்கரம் வைத்த சின்ன வீடு. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மடக்கு மேஜை, சுற்றிலும் ஜன்னல்கள். இவருடையது வெள்ளி நிறத்தில் முட்டை வடிவம். தெருப் பிள்ளைகள் அதை டோஸ்டர் என்றார்கள். ஆன்ட்டி தகர டப்பா என்றார்.

நிபந்தனை போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, எனக்கு இளைப்பு இருக்குன்னு தெரியுமில்ல? ஈர வாடை பட்டா விடிய விடிய உக்காந்துட்டேதான் இருக்கோணும்."

"எல்லா ரப்பரையும் மாத்திப் போட்டர்றேன் சரசு. அப்புறம் ஒரு சொட்டு வராது."

"நீங்க சொன்னா ஆச்சா? நல்லா மழை பேயற அன்னிக்கு ஒரு தட்டு அப்பளம் பொரிச்சு உள்ள வெப்பேன். சாயங்காலம் எடுத்தா மொறுமொறுன்னு இருக்கோணும். இருந்தா நீங்க கூப்புடற பக்கமெல்லாம் வர்றேன். நமத்துப் போயிருந்தா, இதை வித்துப்போட்டு வேற வேலையப் பாருங்க."

சிரிக்கும்படியான பரீட்சைதான். ஆனால் அங்கிள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, கடல் முதல் கடல் வரை ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் ஆபீஸ் வந்தது, கிரீன் கார்டு வந்தது, வீட்டுக் கடன் வந்தது. ஆன்ட்டி பார்த்த அமெரிக்கா இவ்வளவுதான்: பிரிட்ஜ்வாட்டர் கோயில், மளிகைக் கடை, மகள் படித்த காலேஜ். ஓட்டலில் தங்கினால் படுக்கை வாடை, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தன் அடுப்பும் தன் தலையணையும் கூடவே வந்தால்தான் ஆன்ட்டி கிளம்புவார். அதற்காகத்தான் டிரெய்லர்.

சான் ஹோசேயில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, ஜஸ்ட் ரென்ட் எ நியூ ஒன்!"

"வாடகை வண்டில ஏத்திட்டுப் போறதுக்கா கண்ணு உங்கம்மா இத்தனை வருஷம் காத்திருந்தா?" என்றார் அங்கிள்.

அங்கிள் ஆராய்ச்சியில் இறங்கினார். கோயில் பார்க்கிங்கில் திடீரென்று ஒரு காரின் அலாரம் அலறினால், பக்தர்கள் பயப்பட மாட்டார்கள். யாருடைய கார்க் கதவு ரப்பரையோ அங்கிள் அமுக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு வரிசையில் முன்னே நகர்வார்கள். ஒரு கிரகப்பிரவேசத்தில், பளபளவென்ற புது ஃபிரிட்ஜின் கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி, இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. "பாருங்க, வந்துருச்சு. கரண்ட் பில்லு எச்சா வரும்," என்றார். வீட்டுக்காரர் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஆன்ட்டி வீட்டில் விருந்து. குக்கர் விசிலே அடிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். ஆன்ட்டி நேராக டிரெய்லருக்குப் போனார். அங்கிள் அந்த வளையத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பருப்பு வேகாம அங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க!"

"இரு சரசு. எத்தனை ஆவியைத் தாங்குது, ஆனா எவ்வளவு மெத்துன்னு இருக்குது பாரு. இப்படி ஒண்ணு கதவுக்குக் கெடைச்சா..."

அன்று எங்களுக்குத் தயிர் சாதம்.

நான் இதில் சேர்ந்தது என் வேலையால். எங்கே வேலை என்று ஒருமுறை கேட்டார். மருந்துக் கம்பெனியில், மருந்துக் குப்பிகளின் மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை என்றேன். அங்கிள் கையிலிருந்த ரப்பர் துண்டைக் கீழே வைத்தார். பிறகு, "அம்மிணி, நீங்க இத்தனை நாள் பக்கத்து வீட்டுலயா இருந்தீங்க?" என்றார்.

ஆனால் முதல் பரீட்சைக்கு என்னைக் கேட்கவில்லை. தானே முடித்துவிடலாம் என்று நினைத்தார். கல்லாகிப்போயிருந்த பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தார். பசையைத் துடைத்தார். புது ரப்பரை வேட்டியை இறுக்கிக் கட்டுவதுபோல நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டினார். அங்கேதான் தப்பு. ரப்பரை இழுத்து ஒட்டினால் அது கொஞ்ச நாளில் தன் பழைய நீளத்துக்கே சுருங்கிக்கொள்ளும். குளிர் வந்தது, சுருங்கியது, ஒவ்வொரு மூலையிலும் விரல் நுழையும் இடைவெளி. மழை நாளின் சாயங்காலம் ஆன்ட்டி ஓர் அப்பளத்தைத் தூக்கினார். கைக்குட்டை மாதிரி தொங்கியது.

அங்கிளின் முகத்தைப் பார்த்து ஆன்ட்டிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, சப்ளிமென்டரி எக்ஸாம் மாதிரி இன்னொருக்கா. அதோட முடிஞ்சுது," என்றார்.

இரண்டாம் முறை நான் கூடவே இருந்தேன். ரப்பரை இழுக்காமல், அதன் போக்கில் தள்ளித் தள்ளி ஒட்டினோம். துண்டுகள் சேரும் இடத்தைக் கதவின் அடிப்பக்கம் வைத்தோம். கதவு எங்கே சரியாகப் பதியவில்லை என்று கண்டுபிடிக்க, ரப்பரின் மேல் சாக்பீஸ் தூள் தடவிக் கதவை மூடவேண்டும். தூள் சட்டத்தில் ஒட்டாத இடம்தான் ஓட்டை. என்னிடம் சாக்பீஸ் இல்லை. அங்கிள் வீட்டுக்குள் ஓடி ஒரு டப்பாவோடு வந்தார். வந்து ரப்பர் முழுக்கத் திருநீறு பூசினார்.

"சாமி திருநீறைக் கொண்டாந்து கதவுக்குப் பூசறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்றார் ஆன்ட்டி.

"நம்ம நெத்திக்குக் காவல்னா, கதவுக்கும் காவல்தான் சரசு."

திருநீறு வேலை செய்தது. கீல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சட்டம் சுத்தமாக இருந்தது. கதவே லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்தினோம்.

பெரிய சண்டை வந்தது ஜன்னலில்தான். ஜன்னல் சட்டத்தின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சட்டத்துக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வடிவதற்காக, செய்தவர்களே வைத்த துளைகள். அங்கிள் அத்தனையையும் பசை வைத்து அடைத்திருந்தார். திறக்கச் சொன்னேன்.

"என்னங்க அம்மிணி, ஒழுகறதுக்குன்னே ஓட்டை வெப்பாங்களா?"

"வெளிய ஒழுகறதுக்கு அங்கிள்."

"ஓட்டைன்னா ஓட்டைதானுங்க."

ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தித் திறக்கும்போது தன் காதிலேயே குத்துவதுபோல முகத்தைச் சுளித்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. ஆன்ட்டி அப்பளம் பொரித்து டிரெய்லர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். குடையைப் பிடித்தபடி ஆன்ட்டி கதவைத் திறந்தார்.

உள்ளே அங்கிள் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி அவரைத் தாண்டிப் போய் ஓர் அப்பளத்தை எடுத்தார். அது உடையவில்லை. வளைந்தது.

கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அங்கிள் டார்ச்சை அணைத்தார். "வித்தர்றேன் சரசு," என்றார், மிக மெதுவாக.

நான் கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒழுகினால் தெரியட்டும் என்று மூலைகளில் செருகி வைத்திருந்த டிஷ்யூ பேப்பர்களை உருவினேன். எல்லாம் காய்ந்திருந்தன. ஆனால் என் கருவி, குளியலறையில் வைத்ததுபோலக் காட்டியது. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்திருந்தன. அங்கிளின் மூக்குக்கண்ணாடியிலும் பனி. பக்கத்தில் ஒரு மின்சாரக் கெட்டில், காபி டம்ளர்.

"அங்கிள், எப்பலேர்ந்து உள்ள இருக்கீங்க?"

"ஆன்ட்டி தட்டை வெச்சதுலேர்ந்துங்க. எங்கியாச்சும் சொட்டுதான்னு பாக்க வேண்டாமா?"

"நடுவுல கதவைத் திறக்கவே இல்லையா?"

"திறந்தா பரீட்சை கெட்டுப்போயிருமே அம்மிணி!"

அப்பளத்தை நமத்துப்போகச் செய்தது மழை அல்ல. அங்கிளின் மூச்சும் காபி ஆவியும். அவ்வளவு கச்சிதமாக அடைத்துவிட்டதால் அதற்கு வெளியேற வழி இல்லை. நான் இதைச் சொன்னதும் அங்கிள் முகம் மலர்ந்தது. ஆன்ட்டி முகம் மலரவில்லை.

"அது சரி கண்ணு. நாங்க ரெண்டு பேரும் உள்ள படுத்தா மூச்சு விட மாட்டமா?"

சரியான கேள்வி. என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. கூரையில் மழை மூடியோடு கூடிய காற்றுத் திறப்பு ஒன்று இருந்தது. அங்கிள் அதை உள்ளிருந்து டேப் போட்டு ஒட்டியிருந்தார். அதையும், எதிர்ப் பக்கத்து ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும் என்றேன்.

"இத்தனை நாள் அடைச்சது இப்பத் திறக்கறதுக்குங்களா?"

"தண்ணி வர்ற வழியைத்தான் அங்கிள் அடைச்சோம். மூச்சு போற வழி வேணும்."

மகளை ஹாஸ்டலில் விட்டுவரும் அப்பாவின் முகத்தோடு டேப்பை உரித்தார். கைப்பிடியைச் சுற்றினார். குளிர்ந்த காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை.

"மழை இன்னும் நிக்கலை. அப்ப பரீட்சை நேரமும் முடியலை," என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனார். கண்ணாடியெல்லாம் தெளிந்த பிறகு புது அப்பளங்களோடு திரும்பி வந்து, தட்டை நடுவில் வைத்துத் தானும் உட்கார்ந்தார். மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். மகளைப் பற்றிப் பேசினோம். கோபியில் ஆன்ட்டி படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். அங்கிள் முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். "நல்லா விடுங்க, விட்டாத்தான் பரீட்சை," என்று ஆன்ட்டி அதட்டினார்.

இருட்டத் தொடங்கியபோது ஆன்ட்டி ஓர் அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

அந்தச் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

அவர் வர்றேன் என்று சொல்லவில்லை. மென்று முடித்துவிட்டு, "ஏனுங்க, போற வழியில ராகி மாவு கெடைக்குமா, இல்ல இங்கிருந்தே எடுத்துக்கோணுமா?" என்று கேட்டார்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அப்போது அதில் பனி எதுவும் இல்லை.

வசந்தத்தில் கிளம்பினார்கள். இப்போது டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறார்கள். ஆன்ட்டிக்கு இதுவரை இளைப்பு வரவில்லை. திரும்பும் தேதியை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. தெருவில் யார் வீட்டுக்காவது விருந்தாளிகள் வந்தால், டிரெய்லர் நின்ற அங்கிள் வீட்டு டிரைவ்வே சும்மாதானே கிடக்கிறது, காரை அங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்பார்கள். கூடாது, டிரெய்லர் எந்த நேரமும் திரும்பி வரலாம் என்று சொல்லிவிடுகிறேன்.