நடுக்கடலில் வாசித்த நண்டுக் கட்டுரை

செத்தலுக்குக் கோபம் வராத நாளை ஊர்காவற்றுறையில் எவரும் கண்டதில்லை. காய்ந்த செத்தல் மிளகாய் போல மெலிந்து சிவந்து, கிட்டப் போனாலே எரிக்கிற மனிதர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. எங்கள் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பாளர். பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குப் போன நான் முதல் நாள் "குட் மோர்னிங் சேர்" என்றேன்.

"என்ன குட்? நண்டெல்லாம் தொட்டியிலை செத்துக் கிடக்கு!" என்று பாய்ந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொழும்பு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவர், முதலில் நெடுந்தீவுக்குச் சனம் ஏற்றிப் போகும் வள்ளத்தில் எழுந்து நின்று வாசித்துக் காட்ட வேண்டும். இடையில் குமட்டிச் சத்தி வந்தால், வாந்தியை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இதிலை நிண்டு கதைச்சால் எந்தச் சபையிலும் கதைக்கலாம்" என்பார். நண்டின் இனப்பெருக்கம் பற்றி நான் வாசித்து வாசித்து, வள்ளத்துச் சனத்துக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

கட்டுரை தயாரான நேரம் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு பெரியவர் மேற்பார்வைக்கு வந்தார். புரட்டிப் பார்த்தார். "இதை என்ரை பேரிலை நானே வாசிக்கிறன். உமக்கு இன்னும் காலம் கிடக்கு" என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு பொறுக்கியவள் நான்! அதை நான் வாசித்தால்தான் வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்கும். சின்னவர்களின் உழைப்பை விழுங்கிப் பெரியவர்களான அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

செத்தல் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம் சேர், நீங்களே வாசியுங்கோ. எங்கடை வழக்கப்படி நாளைக்கு வள்ளத்திலை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

"அதுக்கென்ன?" என்றார் பெரியவர்.

மறுநாள் வாடைக்காற்றில் வள்ளம் துள்ளியது. பெரியவர் எழுந்து தலைப்பை வாசித்தார். சத்தி.

"முதலிலை இருந்து, சேர்."

இரண்டாவது வரியில் மறுபடியும் சத்தி.

"முதலிலை இருந்து!"

மீன் கடகத்தோடு இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அதை அந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. அவவெண்டால் முழுக்க வாசிப்பா."

பெரியவர் கட்டுரையை என் மடியில் எறிந்தார். "கொழும்பிலையும் நீரே போய் வாசியும்! வள்ளத்தைத் திருப்பச் சொல்லுங்கோ!"

"சனமெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்குது, சேர். பிறகு சொல்லு மாறேலாது" என்றார் செத்தல்.

நான் வெளிநாடு போனேன். செத்தலுக்கு அதன்பிறகு பதவி உயர்வே கொடுக்கவில்லை, பாவிகள்.

கட்டுரை அச்சில் வந்ததும் ஊருக்கு வந்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொன்ன இடத்தில் தன் பெயரைக் கண்டு, "இதை ஆர் போடச் சொன்னது?" என்று குதித்தார். பின்னேரம் பார்த்தால், இறங்குதுறையில் வள்ளத்துக்கு நின்றவர்களை மறித்து அதட்டிக்கொண்டிருந்தார். "எங்கடை பெட்டை எழுதினது! வடிவா வாசியுங்கோ!"

கண்ணீரைக் கண்டால் அதற்கும் திட்டுவாரே என்று, மதிலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.