கயிற்றுக்குள் உட்கார்ந்த அந்தக்காலத்தார்

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம்! யார் சொன்னது? எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். அவளுக்குத் தையல்காரர் சொன்னார். தையல்காரருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெருவே சொல்கிறதே என்கிறார். தெரு ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துவிட்டா வந்தது? நான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மனிதர் தன் சொந்தக் காலால், வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார். இருந்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள்தான் அந்த ஹோட்டல்காரர்கள்.

முதலில் ஆள் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ‘அப்பல்லாம்’ என்று ஆரம்பிக்காமல் அந்த இனத்துக்குத் தும்மல்கூட வராது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்து, “அப்பல்லாம் இரும்புன்னா இரும்பு” என்பார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, “அப்பல்லாம் தண்ணிக்குன்னு ஒரு ருசி இருந்துச்சு” என்பார்கள். தலையிலிருந்து கால்வரை சொட்டச்சொட்ட வந்து நின்றுகொண்டு, “அப்பல்லாம் மழை பேஞ்சா நனைவோம்” என்பார்கள். அப்படியானால் இப்போது சொட்டுவது என்ன? கேட்டுவிடாதீர்கள். அதற்கும் பதில் இருக்கும், அதுவும் நீளமாக இருக்கும்.

எங்கள் தெருவில் இருப்பவருக்கு ‘அந்தக்காலத்தார்’ என்றே பெயர். மனிதர் தங்கம். குறை அந்த ஒன்றுதான்.

இப்படிப்பட்டவரை அவருடைய மருமகன் எங்கே கூட்டிக்கொண்டு போனான் தெரியுமா? பூங்கா பூங்காவாக ராட்டினங்கள் சுற்றுகிற ஊரில், குடும்பம் குட்டியோடு வந்து தங்குவதற்கென்றே கட்டிய பழைய காலத்து ஹோட்டலுக்கு. பழைய காலம் என்றால் எப்போது? போன வருஷம்தான் கட்டி முடித்தார்களாம். ஆனால் உள்ளே போனால் சுழற்றுகிற டெலிபோன், பெட்டி ரேடியோ, தட்டச்சு இயந்திரம், கம்பிக்கதவு வைத்த லிஃப்ட், கிருதா ஒட்டிக்கொண்ட மேனேஜர். பூனையைக் கொண்டுபோய் மீன்கடையில் அவிழ்த்துவிட்டதுபோல ஆயிற்று.

இத்தனைக்கும் போனது அவருக்காக இல்லை, பேத்திக்காக. பக்கத்துப் பூங்காவில் ‘ராட்சசப் பாம்பு’ என்று ஒரு ரோலர் கோஸ்டர். அதில் ஏறுவதற்குச் சுவரில் போட்டிருக்கிற கோட்டைத் தலை தொட வேண்டும். போன தடவை ஒரு விரற்கடை குறைந்து, அழுதுகொண்டே திரும்பிய குழந்தை, இந்தத் தடவை தொட்டுவிட்டாள். ஆனால் அவள் உயரத்துக்குத் தனியாக ஏற்றமாட்டார்கள்; பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். அம்மாவுக்கு ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. பாட்டிக்கு மூட்டு வலி. “நான் இருக்கேன்டா கண்ணு” என்று மார்தட்டியவர் தாத்தாதான்.

முதல் நாள் வரவேற்பு மேசையிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, பச்சை போன்? அப்பல்லாம் போன்னா கறுப்புதான்.”

“நம்ம வீட்டுல இருந்ததே பச்சைதானேங்க” என்றாள் மனைவி.

“அது கறுப்பு. வெயில்ல வெளுத்துப் பச்சையாச்சு.”

வரவேற்புப் பெண் இந்தப் பக்கமும் தலையாட்டினாள், அந்தப் பக்கமும் தலையாட்டினாள். அங்கிருந்து தட்டச்சுக்குப் போனார். ரிப்பனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களாம். லிஃப்டுக்குப் போனார். இவ்வளவு வேகமாகப் போகக் கூடாதாம். அப்பல்லாம் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் ஒரு சண்டையைப் போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாமாம். படுக்கை விரிப்புப் பூவில் இதழ் ஒன்று அதிகமாம்.

“தாத்தா, போலாமா?”

“இதோ கண்ணு, இந்த ரேடியோவ மட்டும் ஒரு பார்வை பாத்துடறேன்.”

அவர் பார்த்து முடிப்பதற்குள் பூங்காவைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் பேத்தி ஷூ மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். தாத்தாவைச் சுற்றியோ ஒரே கூட்டம். அகலக் காலர் சட்டை, தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி, பையில் சீப்பு. எல்லாம் அவருடைய சொந்தச் சொத்து. அது அங்கே தங்க வந்தவர்களுக்குத் தெரியுமா? ஒரு பெண்மணி சட்டையைத் தடவிப் பார்த்து, “துணி ஒரிஜினல்டி!” என்று தங்கையைக் கூப்பிட்டாள். ஒரு பொடிசு அவர் வயிற்றில் பட்டன் எங்கே என்று தேடி அழுத்தியது. அவர் இருமினார். “அம்மா, வேலை செய்யுது!” என்று கத்தியது. இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்தியாடி, இந்தக் காலத்துப் பசங்களுக்கும் பெரியவங்ககிட்ட ஒரு இது இருக்கு” என்றார் மனைவியிடம். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கும் பூங்கா போயிற்று.

கடைசி நாள். சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் அறையிலிருந்த மரப்பெட்டி டி.வி.யைத் திறந்தார். உள்ளே தண்ணீர், தண்ணீரில் மீன். டி.வி. பெட்டியை மீன்தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மொட்டைமாடியில் அழகுக்கு நட்டு வைத்த ஆன்டெனா, பார்க்கக் கூடாத திசையைப் பார்த்து நிற்கிறது. அதை எப்படிப் பொறுப்பார்? ஏறிவிட்டார்.

“தெரியுதாஆஆ?”

கீழே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பழைய பழக்கம் விடுமா? கை தானாகப் பால்கனிக் கதவைத் திறந்தது, வாய் தானாகக் கத்தியது. “இல்லீங்க!”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!”

“இப்ப?”

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். “ஆங், தெரியுது தெரியுது! ஆட்டாதீங்க! ரெண்டு மீன்!”

“கலரா?”

“கலர்தான்! ஒண்ணு ஆரஞ்சு!”

நீச்சல் குளத்தில் இருந்தவர்களெல்லாம் கை தட்டி விசில் அடித்தார்கள். சிலர் “இன்னொரு தடவை!” என்றார்கள்.

இறங்கி வந்தவரை மேனேஜர் படியடியிலேயே மடக்கிவிட்டார். “சார், நாங்க வாங்கி வெச்ச எந்தச் சாமானுக்கும் இப்படிக் கூட்டம் வரல. இங்கயே இருந்துடுங்க. லாபியில உங்களுக்குன்னு நாற்காலி, சாப்பாடு எங்களோடது. காலையில குறை சொல்லுங்க, சாயங்காலம் ஆன்டெனா திருப்புங்க. போதும்.”

சிரிக்காதீர்கள். அந்த மனிதர் வாயைத் திறந்தால் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், ஒருவருக்குப் போன் வரும், ஒருவருக்குத் தூக்கம் வரும். இங்கே வரிசையில் நின்று கேட்கிறார்கள். யாருக்குத்தான் ஆசை வராது? போய் உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்ததும் நாற்காலியைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பேத்தி வந்து நின்றாள். ஷூ மாட்டியிருந்தாள். கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

“பாப்பா, பொருளையெல்லாம் தொடக் கூடாதும்மா” என்றார் மேனேஜர், பழக்க தோஷத்தில்.

“பொருளா?” என்றார் அந்தக்காலத்தார்.

பேத்தி கயிற்றின்மேல் எக்கி அவர் காதருகே வந்தாள். “தாத்தா, அடுத்த வருஷம் நான் இன்னும் வளர்ந்துடுவேன். அப்போ பக்கத்துல பெரியவங்க வேணாம்னு சொல்லிடுவாங்க. இன்னிக்கு மட்டும்தான் நீங்க வேணும்.”

அவர் எழுந்தார், கயிற்றைத் தூக்கினார், குனிந்தார், வெளியே வந்தார். “சார், நாலு மணி ஷோ...” என்று மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் நிற்கவில்லை. குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார்.

வாசல் கதவில் பித்தளை மணி ஒன்று தொங்குகிறது. கதவைத் தள்ளினார். மணி ஆடக்கூட இல்லை; மேலே எங்கோ ஒளித்து வைத்த ஒலிபெருக்கி ‘டிங்’ என்றது. அவர் நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது, வாய் திறந்தது, “அப்ப...” என்றுகூட வந்துவிட்டது. பேத்தி அண்ணாந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, படி இறங்கிப் பூங்காவுக்குப் போய்விட்டார்.

இதுதான் நடந்தது. தள்ளினார்களாம்!

அது இருக்கட்டும். நிஜமான பித்தளை மணி எப்படி ஒலிக்கும் என்று எனக்குச் சொல்ல இப்போது உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கிறதா? துறுதுறுத்தால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். லாபியில் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.