இங்கிலீஷைப் பங்கு வைத்தது

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். என் அப்பா, சுவரில் சாயாமல். பெரியப்பா, எதிர்ச்சுவரில் சாய்ந்து. ஊர்க் கணக்கப்பிள்ளை, நடுவில், வெற்றிலைத் தட்டோடு. அம்மா, ஒரு கதவுக்குப் பின்னால். பெரியம்மா, இன்னொரு கதவுக்குப் பின்னால் (முந்தின நாள் வரை இரண்டு பேரும் ஒரே கதவுக்குப் பின்னால்தான் நிற்பார்கள்). பெரியப்பா மகன் கோமதிநாயகம். நான். ஓர் இங்கிலீஷ் புத்தகம்.

புத்தகத்தைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கும் அது கடைசியில்தான் வந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாக இருந்து பயிர் செய்தவர்கள். பாபநாசத்துக்குக் கீழே ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து பாயும் வயல். ஏன் பிரிந்தார்கள் என்று இரண்டு பேருமே கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரிந்தார்கள், அவ்வளவுதான். பச்சைப் பயிரோடு வயல் பங்கானது. வீடு, அண்டா, குத்துவிளக்கு, தென்னை எல்லாம் பங்கானது. உழவு மாடு ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு மாடு. ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று கணக்கப்பிள்ளை எழுந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மா குரல் வந்தது.

"அந்த இங்கிலீஷ் பொஸ்தகத்தை விட்டுட்டியளே."

கணக்கப்பிள்ளை மறுபடி உட்கார்ந்தார்.

நானும் கோமதிநாயகமும் ஆறாம் பாரம். அதுதான் ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் போனதால் ஒரே புத்தகம்தான் வாங்கியிருந்தார்கள். திருநெல்வேலி டவுணுக்கு வண்டி கட்டிப் போய்ப் பெரியப்பா வாங்கி வந்தது. தடித்த அட்டை. முன்பக்கம் இலக்கணம். அப்புறம் பாடங்கள். பின்பக்கம் வார்த்தைகளுக்கு அர்த்தம். ஊரில் அப்படி வேறு புத்தகம் கிடையாது.

"ஒருத்தர் எடுத்துக்கிட்டு இன்னொருத்தருக்கு வேற ஏதாவது குடுத்திரும் வே," என்றார் கணக்கப்பிள்ளை.

"பங்குன்னா பங்கு," என்றார் அப்பா.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் பெரியப்பா. அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. பெரியப்பா தாள்களை எச்சில் தொட்டு எண்ணினார். அரிவாள்மணை வந்தது. நெல் அளக்கிற கவனத்தோடு முதுகில் வைத்து அறுத்தார். இரண்டு பாதியும் பலகையில் இருந்தன.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வயல் தெரியும். கால்வாய்த் தண்ணீர் முதலில் பாய்கிற வயல் தலைமடை. கடைசியில் எப்போதாவது பாய்கிறது கடைமடை. புத்தி உள்ளவன் கடைமடையை எடுப்பானா? அப்பா முன்பாதியில் கை வைத்தார்.

"தலைமடை நமக்கு."

"அப்ப எங்களுக்குக் கடைமடையா?" என்றாள் பெரியம்மா.

கணக்கப்பிள்ளை பின்பாதியைப் புரட்டிப் பார்த்தார் (அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது). "கடைசியில வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் போட்டிருக்காம்மா. நல்ல மண்ணு," என்றார்.

அப்படியாக இலக்கணம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வார்த்தை அவர்கள் வீட்டுக்குப் போனது. பாடங்கள் பாதி பாதி.

இதில் சிரிப்பதற்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. பாதி வயல் எங்களுக்குச் சோறு போடாது. அப்பா அதைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். நான் செலக்ஷன் பரீட்சையில் தேறினால் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். அதிலும் தேறினால் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இங்கிலீஷ்தான் எல்லாரையும் விழுங்குகிற பாடம். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்க வேண்டும்.

"முப்பத்தஞ்சுலே. அதுக்கு மேல ஒரு மார்க்கும் நமக்கு வேண்டாம். முப்பத்தஞ்சு வாங்கிட்டு வந்திரு," என்பார் அப்பா. சாப்பிடும்போது சொல்வார். மடை திறக்கும்போது சொல்வார். "விக்கிரமசிங்கபுரத்து மில்லுக்குப் போனா சங்கு ஊதுனதும் ஓடணும். கச்சேரின்னா உக்காரலாம்."

பங்கு வைத்த மறுநாள் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டார்கள். அதுதான் கெடுத்தது. பள்ளிக்கூடம் இருந்தால் வாத்தியார் கையில் முழுப் புத்தகம் இருக்கும். வகுப்பில் வருஷம் முழுதும் கேட்டது என் காதோடு போயிருந்தது. விடியற்காலையில் வீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு உருப்போட்டால்தான் எனக்கு எதுவும் நிற்கும்.

உருப்போட்டேன். அப்பா எதிரே உட்கார்ந்து கேட்பார். ஒரு சொல்லும் புரியாது. நான் திக்கினால் மட்டும் தெரிந்துவிடும்.

ஒருநாள் பைய கேட்டேன். "கோமதிகிட்ட உள்ள பாதியை ரெண்டு நாள் வாங்கிப் படிச்சிட்டுக் குடுத்திரட்டுமா?"

அப்பா கோபப்படவில்லை. அதுதான் பயம்.

"அடுத்தவன் வயல்ல கதிர் அறுப்பியாலே?"

"இல்ல."

"அவுக பங்குல ஒரு எழுத்து ஒன் வாயில வரப்புடாது. கையில அடி."

அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அடுத்த வீட்டில் கோமதிநாயகமும் அதே நேரம் உருப்போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் புதுச்சுவர். அவன் சத்தம் கேட்காமலிருக்க நான் சத்தத்தைக் கூட்டுவேன். என் சத்தம் கேட்காமலிருக்க அவன் கூட்டுவான். தெருவில் போனவர்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கோ முடியவில்லை என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

பரீட்சை நாள் வந்தது. காலையில் எழுத்து. நானும் அவனும் வேறு வேறு மூலையில். தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வி இலக்கணம். எழுதினேன். கை நிற்கவில்லை. இரண்டாவது, வார்த்தைக்கு அர்த்தம். ஒரு வார்த்தையும் எங்கள் பங்கில் இல்லை. பேனாவைக் கீழே வைத்தேன். மூலையில் பார்த்தேன். கோமதிநாயகம் அப்போதுதான் பேனாவை எடுத்தான்.

சாயங்காலம் வாசிப்பு. ஹெட்மாஸ்டர் தலைப்பாகையும் கழுத்து மூடிய கோட்டுமாக நாற்காலியில் இருந்தார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. இங்கிலீஷ் வாத்தியார் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து இடத்தைக் காட்டுவார்கள்.

"சங்கரலிங்கம்."

போனேன். முழுப் புத்தகம். முழுசாகப் பார்த்து நாளாகியிருந்ததால் கனமாக இருந்தது. கப்பல் பாடம். என் பாதியின் கடைசிப் பாடம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. தலைமடை என்று அப்பா சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

வாசித்தேன். வாசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எனக்குக் கண் தேவைப்படவில்லை. கடலில் புயல் வந்தது. பாய்மரம் முறிந்தது. கப்பல் தலைவன் எல்லாரையும் படகில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் நின்றான். வாத்தியார் ஹெட்மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அதையும் பார்த்தேன். இன்னும் சத்தமாக வாசித்தேன். ஓர் அலை எழுந்தது. அதோடு என் தாள் முடிந்தது. நின்றேன்.

"ம். மேலே," என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் எழுத்து தெரியாதவன் இல்லை. எழுத்துக் கூட்டியாவது இழுத்திருக்கலாம். அடுத்த வரி கண்ணெதிரே இருந்தது. ஆனால் வரப்பு அங்கே இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது.

"ஏன் நிறுத்தினாய்? மேலே வாசி."

"முடியாது, சார்."

"ஏன்?"

"அதுக்கு மேல எங்க பெரியப்பா பங்கு, சார்."

(இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

ஹெட்மாஸ்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் புத்தகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும். நான் நிமிர்ந்துதான் நின்றேன். குடுமி மட்டும் அவிழ்ந்து தொங்கியது.

"யார் பெரியப்பா? எந்தப் பங்கு?"

சொன்னேன். வயலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அரிவாள்மணை வந்தபோது ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த இன்னொரு பாதி இங்கே இருக்கிறானா?"

கோமதிநாயகம் தானாகவே வந்தான். புத்தகத்தை வாங்கினான். பாடத்தின் தொடக்கத்தைத் தேடவில்லை. நான் விட்ட வரியில் விரலை வைத்து, மூச்சு வாங்காமல் ஆரம்பித்தான். கப்பல் முங்கியது. பலகை மிதந்தது.

"நிறுத்து. முதலிலிருந்து வாசி."

"முன்னால உள்ளது சித்தப்பா பங்கு, சார். நாங்க தொடப்புடாது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஹெட்மாஸ்டர் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தலைப்பாகை இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"நாளைக்கு மார்க் சொல்லும்போது ரெண்டு பேரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்," என்றார்.

திரும்பும்போது கால்வாய்க்கரையில் அவன் எனக்குப் பின்னால் வந்தான். பங்கு வைத்ததிலிருந்து பேச்சில்லை. ஊர் வருகிற இடத்தில் கேட்டான்.

"ஏலே, அந்தக் கப்பல் எதுக்குலே முங்குச்சு?"

"புயல்ல. அந்த ஆளு பொழச்சானா?"

"பொழச்சான். பலகையைப் புடிச்சுக் கரைக்கு வந்துட்டான்."

"நல்லது," என்றேன். அன்று கேட்ட ஒரே நல்ல செய்தி.

நான் கச்சேரியில் உட்காரவில்லை. அவனும் இல்லை. இரண்டு பேரும் வயலுக்குத்தான் போனோம். சங்கு ஊதி ஓடவும் இல்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. குனிந்தே இருந்தாயிற்று. அப்பா ஆசைப்பட்டது அது இல்லை. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஒரு வாக்கு ஊரில் நின்றுவிட்டது. வண்டி பாதி வழியில் நின்றால், "என்ன, அதுக்கு மேல பெரியப்பா பங்கா?" என்பார்கள். என் மகள் கல்யாணத்தில் சாம்பார் வாளி வரிசை நடுவில் தீர்ந்துபோனது. பரிமாறினவன் விழித்துக்கொண்டு நின்றான். எதிர்வரிசையிலிருந்து கோமதிநாயகம்தான் கத்தினான். "விடுங்கலே, அதுக்கு மேல எங்க பங்கு!" சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆட்கள் இலையைவிட்டு எழுந்து போய்ச் சிரித்தார்கள். நான் பேச்சை நடுவில் நிறுத்தினால் என் மனைவியும் அதையே கேட்கிறாள். (நான் எப்போதும் நடுவில் நிறுத்துகிறவன்.)

மார்க் சொன்ன நாளை மட்டும் யாரும் சொல்லிச் சிரிப்பதில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் ஆளுக்கொரு தூணில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. என் மார்க்கை அப்பாவிடம் சொன்னார். அவன் மார்க்கைப் பெரியப்பாவிடம் சொன்னார். காதில் சொல்வது போல, ஒருவருடையது மற்றவருக்குக் கேட்காமல் சொன்னார். பங்கு என்றால் பங்கு என்று அவரும் நினைத்தாரோ என்னவோ. உள்ளே போய்விட்டார்.

கால்வாய்க்கரை அகலம் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். பெரியப்பா முன்னால். அப்பா அவருக்குப் பின்னால். அப்புறம் நாங்கள். தண்ணீர் நிறையப் போயிற்று. எங்கள் வயலுக்குப் பிரிகிற மடை வந்தது. முன்பெல்லாம் அதற்கு ஒரே மடைதான். இப்போது இரண்டு. பெரியப்பா அங்கே நின்றார். திரும்பவில்லை.

"ஒன் பிள்ளைக்கு எம்புட்டுன்னாரு?"

"பதினெட்டு," என்றார் அப்பா. பிறகு, "ஒங்க பிள்ளைக்கு எம்புட்டு, அண்ணே?"

"பதினேழு."

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நானும் கோமதிநாயகமும் தரையைப் பார்த்தோம்.

"சேத்துப் பாத்தா எம்புட்டு வருது?" என்றார் அப்பா.

பெரியப்பா விரலை மடக்கி எண்ணினார். ஒரு தடவை எண்ணியது போதவில்லை. மறுபடி எண்ணினார்.

"முப்பத்தஞ்சு."